செக்: ஒரு சொல்லின் கணக்கு வழக்கு

‘செக்’ என்று தமிழில் சொன்னால் அது எதைக் குறிக்கிறது என்பது சொல்லும் இடத்தைப் பொறுத்தது. வங்கியில் காசோலை, சதுரங்கப் பலகையின் முன்னால் ராஜாவுக்கு வந்த ஆபத்து, ஜவுளிக்கடையில் கட்டம் போட்ட துணி. மாநில எல்லையில் லாரியை மறிப்பது செக்போஸ்ட், பாதி வழியில் பேருந்தில் ஏறி டிக்கெட்டைக் கேட்பவர் செக்கிங் இன்ஸ்பெக்டர், ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வருவது செக்கப். அரசியல் பேசுகிறவர்கள் ஒரு தலைவர் இன்னொருவருக்குச் ‘செக் வைத்தார்’ என்பார்கள். ஆங்கிலேயர் காசோலைக்கு மட்டும் தனி எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறார்கள். தமிழில் அந்த வேறுபாடும் மறைந்து எல்லாம் ஒரே இரண்டெழுத்தாகிவிடுகிறது. ஒலி ஒன்றானதால் மட்டும் சொல் ஒன்றாகிவிடாதுதான். எள் ஆட்டும் செக்குக்கும் வங்கிச் செக்குக்கும் உறவில்லை. பிராகு நகரைத் தலைநகராகக் கொண்ட செக் நாட்டின் பெயர் ஸ்லாவிய மொழிக்காரர்களுடையது, அதற்கும் சதுரங்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் காசோலை, ராஜாவுக்கு ஆபத்து, கட்டத்துணி, தடை, சரிபார்ப்பு ஆகிய ஐந்தும் ஒரே வேரில் பிறந்தவை. வேர் எது என்பதில் அகராதிக்காரர்களிடையே சண்டை கிடையாது. அந்த ஒரு வேரிலிருந்து இத்தனை கிளை ஏன் ஆங்கிலத்தில் மட்டும் வெடித்தது என்ற கேள்விக்குத்தான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில் போதவில்லை.

வழக்கமான பதில் இதுதான். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் போய்ச் ‘சத்ரங்’ ஆனது, அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. எதிரியின் அரசனைத் தாக்கும்போது பாரசீகர் ‘ஷா’, அதாவது அரசன், என்று குரல் கொடுத்தார்கள். தப்ப வழியே இல்லையென்றால் ‘ஷா மாத்’. இந்த ‘மாத்’ அரபியில் ‘இறந்தான்’ என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் ஆட்டத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லை என்பதால் ‘செய்வதறியாது நின்றான்’ என்ற பாரசீகப் பொருளே பொருத்தமாகப் படுகிறது. அந்தக் குரல் ஐரோப்பிய லத்தீனில் ‘ஸ்காக்கஸ்’ என்றும் பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ என்றும் உருமாறி, நார்மானியர் கையோடு இங்கிலாந்து போய்ச் ‘செக்’ ஆயிற்று. அதன் பன்மைதான் ‘செஸ்’. அரசனுக்கு ஆபத்து வந்தால் மற்ற எல்லாக் காரியத்தையும் விட்டுவிட்டு அவனைக் காக்க வேண்டும். அதனால் ‘செக்’ என்பது தடை ஆனது. தடையிலிருந்து கட்டுப்பாடு, கட்டுப்பாட்டிலிருந்து சோதனை, சோதனையிலிருந்து காசோலை. பலகையின் கட்டங்களிலிருந்து கட்டத்துணி. எல்லாம் ஆட்டத்திலிருந்து வந்தது, முடிந்தது கதை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ஆட்டமும் அதே குரலும் ஐரோப்பா முழுக்கப் போய்ச்சேர்ந்தவை. பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆட்டத்தின் பெயராகவும் ‘தோல்வி’யாகவும் நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியில் ஒருவனை அந்தச் சொல்லுக்குள் ‘பிடித்து வைப்பது’ என்றால் அடக்கிவைப்பது. ஸ்பானிஷிலும் ஏறக்குறைய அதுவே. அங்கெல்லாம் ‘அரசனுக்கு ஆபத்து’ என்பதிலிருந்து ‘தடை’ வரை சொல் தானாகவே நடந்து போயிருக்கிறது. அதற்கு அப்பால் போகவில்லை. கணக்கைச் சரிபார்ப்பது, ஆள் வந்தானா என்று பேரைப் பார்ப்பது, பணத்தாளின் அடிக்கட்டை, காசோலை ஆகியவை ஆங்கிலத்தில் மட்டும் முளைத்தவை; பிற மொழிக்காரர்கள் பிறகு ஆங்கிலத்திடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஆகவே ஆட்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆங்கிலேயரிடம் இருந்து மற்றவர்களிடம் இல்லாத ஒன்றைத் தேட வேண்டும். அது ஒரு மேசை, அதன்மேல் விரித்த ஒரு துணி என்பதே என் வாதம்.

முதலாம் ஹென்றி ஆண்ட 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் அரச வருமானத்தைக் கணக்குப் பார்க்க ஓர் அமைப்பு உருவாயிற்று. அதற்குப் பெயர் ‘எக்ஸ்செக்கர்’. லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’, அதாவது சதுரங்கப் பலகை. இன்றைக்கும் பிரிட்டிஷ் நிதியமைச்சருக்கு ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’ என்றுதான் பட்டம். இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் இந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்று, மாணவன் கேட்க ஆசான் சொல்வதாக ஒரு நூல் எழுதினார். ஓர் அரசாங்க அலுவலகத்தைப் பற்றி உள்ளேயிருந்த அதிகாரியே இவ்வளவு விவரமாக எழுதியது அந்தக் காலத்து ஐரோப்பாவில் அபூர்வம். மேசை சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம். காசு உருண்டு விழாமலிருக்க நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் பருவத்தில் புதிதாக வாங்கிய கறுப்புத் துணியை விரிப்பார்கள். துணியில் ஒரு சாண் அல்லது ஓரடி இடைவெளியில் கோடுகள். கோடுகளுக்கு நடுவிலுள்ள பத்திகளில் பென்னி, ஷில்லிங், பவுன், இருபது பவுன், நூறு, ஆயிரம் என்று இடம் ஏற ஏற மதிப்பு ஏறும். ஒரு பத்தியில் வைத்த காசு பென்னி என்றால், அதே காசைத் தள்ளி வைத்தால் ஆயிரம் பவுன். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்ற ஏறுமாறான கணக்கை ரோமானிய எண்களில் எழுதிக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. துணியில் காசை நகர்த்தினால் சுலபம்.

இதில் முக்கியமானது, கணக்கு நடந்த விதம். ஒரு பக்கம் பொருளாளரும் அவருடைய எழுத்தர்களும். எதிர்ப்பக்கம் தன் வட்டாரத்தின் வரியை வசூலித்துக் கொண்டுவந்த ஷெரீஃப். கொடுக்க வேண்டியது ஒரு வரிசையில், கொடுத்தது இன்னொரு வரிசையில், இரண்டையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மிச்சம் நிற்பது ஷெரீஃபின் பாக்கி. எழுத்து வாசிக்கத் தெரியாத ஷெரீஃபும் கண்ணெதிரே காசு நகர்வதைப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஃபிட்ஸ்நீலின் மாணவன் பெயர்க்காரணம் கேட்கும் இடம் என் வாதத்துக்கு அச்சாணி. சதுரங்கப் பலகைபோல் இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார் ஆசான். அதோடு விடவில்லை, சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் போரிடுவதுபோல் இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் நடுவர்கள் பார்த்திருக்க மோதுகிறார்கள் என்று இரண்டாவது காரணமும் சொல்கிறார். துணியின் தோற்றமும் ஆட்டத்தின் மோதலும் ஒரே பெயருக்குள் சேர்ந்துவிட்டதை, அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவரே பதிவு செய்திருக்கிறார். ‘கட்டம்’ என்ற பொருளும் ‘எதிராளியைக் கேள்விகேட்டு மடக்குவது’ என்ற பொருளும் ‘கணக்குப் பார்ப்பது’ என்ற பொருளும் ஓரிடத்தில் சந்தித்தன.

அந்த மேசையைச் சுற்றியிருந்த மற்ற பொருள்களும் இதே தர்க்கத்தில் இயங்கின. ஷெரீஃப் பணம் கட்டியதற்கு அத்தாட்சி, பெரும்பாலும் ஹேசல் மரத்தில் செய்த ஒரு குச்சி. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைத் தடிமனில் வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அளவு, இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுனுக்கு முற்றிய வாற்கோதுமை மணி, பென்னிக்கு வெறும் கீறல். பிறகு குச்சியை நெடுக்குவாட்டில் பிளப்பார்கள். ஒரு பாதி கட்டியவரிடம், மறுபாதி கருவூலத்தில். அடுத்த கணக்கின்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மரத்தின் ரேகையும் வெட்டுகளும் பொருந்த வேண்டும். ஒருவர் தன் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால் மறுபாதி காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் குச்சிகள் 1826 வரை வழக்கில் இருந்தன. 1834 அக்டோபர் 16 அன்று பழைய குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழேயிருந்த அடுப்புகளில் போட்டு எரிக்கப்போய், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடமே பெரும்பகுதி எரிந்துபோனது தனிக் கதை. எழுத்துக் கணக்கிலும் இதே இணை முறைதான்: ஒரு சுருளுக்கு எதிராக இன்னொரு சுருள் எழுதி இரண்டையும் ஒப்பிடுவார்கள். ‘எதிர்ச்சுருள்’ என்பதன் லத்தீன் பெயரிலிருந்து பிறந்ததுதான் ‘கண்ட்ரோல்’. யுத்தகாலத்தில் தமிழ்நாட்டார் வரிசையில் நின்று வாங்கிய கண்ட்ரோல் அரிசியின் பெயர் இந்த வழியாக வந்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நியாயமானதும்கூட. அகராதிகள் சரிபார்ப்பு என்ற பொருளை ‘தடை, அடக்கம்’ என்ற பொருளின் தொடர்ச்சியாகவே காட்டுகின்றன. 17ஆம் நூற்றாண்டில்தான் அது தெளிவாகத் தெரிகிறது. 12ஆம் நூற்றாண்டு மேசைக்கும் அதற்கும் நடுவே ஐந்நூறு ஆண்டு இடைவெளி கிடக்கிறதே என்று கேட்கலாம். அந்த இடைவெளி வெற்றிடம் இல்லை. அரச மாளிகையின் பணியாளர் பெயரும் கூலியும் எழுதிய ஏட்டுக்குச் ‘செக்கர் ரோல்’ என்றும் பிறகு ‘செக்ரோல்’ என்றும் பெயர். எக்ஸ்செக்கரின் பெயரிலிருந்து வந்தது. அந்த ஏட்டை வைத்திருந்த அதிகாரி ‘கிளார்க் ஆஃப் த செக்’. அரசரின் மெய்க்காவலர் படையிலும் அந்தப் பதவி இருந்தது, கப்பற்படையின் துறைமுகத் தளங்களிலும் இருந்தது. காலையில் பெயர் கூப்பிட்டு, வந்தவன் யார் வராதவன் யார் என்று குறித்து, வராதவன் கூலியைப் பிடிப்பது அவர் வேலை. கூலிப் பிடித்தத்துக்கும் ‘செக்’ என்றே பெயர் வந்தது. பெயரைப் பார்ப்பதும் கூலியைத் தடுப்பதும் ஒரே ஆள் ஒரே ஏட்டில் செய்த ஒரே வேலை. ‘தடை’ எப்படிச் ‘சரிபார்ப்பு’ ஆனது என்று தத்துவார்த்தமாக யோசிக்க வேண்டியதில்லை. இந்தக் கிளார்க்கின் மேசையில் இரண்டும் கூடியே இருந்தன. அகராதி காட்டும் பாதை தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாதையில் சொல்லை நடத்திச் சென்றது எது என்பதை அகராதி சொல்வதில்லை என்கிறேன்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. எக்ஸ்செக்கர் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதா? அதே அரசர்கள் ஆண்ட நார்மண்டியிலும் ‘எஷிக்கியே’ என்று ஒன்று இருந்தது. அங்கே ஏன் பிரெஞ்சுச் சொல் இந்தப் பொருள்களைப் பெறவில்லை? நார்மண்டி 1204இல் பிரெஞ்சு அரசரின் கைக்குப் போன பிறகு அங்கிருந்த அமைப்பு மெல்ல நீதிமன்றமாக மாறியது. 1499இல் நிரந்தர நீதிமன்றமாக்கப்பட்டு, 1515இல் பெயரும் மாறி ரூவான் நகரின் ‘பார்லமாங்’ ஆனது. கணக்கு மேசை போய் வழக்கு மேசை வந்தபோது சொல்லுக்குக் கணக்கோடு இருந்த உறவு அறுந்தது. இங்கிலாந்திலோ எக்ஸ்செக்கரின் ஆண்டுக் கணக்குச் சுருள்களில் 1129–30ஆம் ஆண்டுக்குரிய ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது, இரண்டாம் ஹென்றி காலத்திலிருந்து 1832 வரை ஏறக்குறைய அறுபடாத வரிசை இருக்கிறது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டு ஓர் அலுவலகம் ஒரே பெயரில் ஒரே வேலையைச் செய்திருக்கிறது. ஆகவே நார்மண்டி என் வாதத்தைக் குலைக்கவில்லை.

காசோலைக்கு வருவோம். இதில் வேறொரு பரவலான கூற்றை எதிர்கொள்ள வேண்டும்: காசோலையின் ஆங்கிலப் பெயர் அரபியின் ‘ஸக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது அது. ‘ஸக்’ உண்மையாகவே இருந்தது. 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சகாராவின் தென்கோடியிலிருந்த அவ்தகுஸ்த் நகரத்து வணிகர் ஒருவர் 42,000 தினார் கடன்பட்டிருந்ததற்கான அப்படிப்பட்ட எழுத்துச்சீட்டைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பணத்தைச் சுமக்காமல் எழுத்தால் நகர்த்தும் உத்தியில் அரபு வணிகர் ஐரோப்பியருக்கு முன்னோடிகள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கருவி வேறு, பெயர் வேறு. நகரத்தார் உண்டியலும் இதே வேலையைத்தான் செய்தது, அதற்காகக் காசோலை உண்டியலின் பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை. பெயர் கருவியோடு சேர்ந்து வந்திருந்தால் கருவியின்மேல்தான் முதலில் ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தில் அப்படி நடக்கவில்லை. லண்டனின் கிளேட்டன், மாரிஸ் வங்கியின்மேல் 400 பவுனுக்கு எழுதிய ஆணை ஒன்று 1659ஆம் ஆண்டுத் தேதியோடு இருக்கிறது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவற்றை வெறும் ‘நோட்டு’ என்றார்கள். ‘செக்’ என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாளின்மேல் வரவில்லை, தாளைக் கிழித்த பிறகு புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையின்மேல்தான் வந்தது. கள்ளத்தாளைக் கண்டுபிடிக்க அடிக்கட்டையோடு பொருத்திப் பார்ப்பார்கள் என்பதால் அது ‘செக்’. பிளந்த குச்சியின் பாதிதான் அது, காகிதத்தில். அடிக்கட்டையுள்ள தாள் ‘செக் உள்ள தாள்’ ஆகி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தாளுக்கே ‘செக்’ பெயராயிற்று. பிரெஞ்சுக்காரர் இந்தச் சொல்லை ஆங்கிலத்திலிருந்து எடுத்து, 1865இல்தான் அதற்குச் சட்டம் போட்டார்கள்.

எழுத்துக்கூட்டல் மாறியதும் தற்செயலாக நடந்ததில்லை. 1820களில் வங்கித்தொழில் பற்றி எழுதிய ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட், பலரும் ஒருவிதமாக எழுதும் சொல்லைத் தான் வேறுவிதமாக எழுதுவதற்குக் காரணம் கொடுத்தார்: ஒன்று, குழப்பம் வராது, இரண்டு, எக்ஸ்செக்கரின் எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகும். வங்கிக்காரர் ஒருவர் ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய மேசையை நினைத்துக்கொண்டு எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அமெரிக்கர்கள் இந்தப் பேச்சுக்குச் செவிசாய்க்காமல் பழைய எழுத்திலேயே நின்றார்கள். உணவகத்தின் பில், உடமையை ஒப்படைத்து வாங்கும் வில்லை, சரி என்று போடும் குறி என்று அவர்கள் பங்குக்கு இன்னும் சிலவற்றைச் சேர்த்தார்கள்; எல்லாமே பொருத்திப் பார்ப்பதன் நீட்சிதான்.

கட்டத்துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே பொருளே முன்னால் நிற்கிறது, சொல் பின்னால் வந்தது. சோழமண்டலக் கரையின் நெசவாளர்களுக்குக் கட்டம் போட ஆங்கிலேயர் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பழவேற்காட்டுக் கைக்குட்டைகளும் ‘மெட்ராஸ் செக்’ துணிகளும் ஐரோப்பியக் கப்பல்களில் ஏறின. நைஜர் ஆற்றின் முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் அந்தத் துணியைச் சடங்குத் துணியாகவே ஏற்று, சில நூல்களை வெட்டி உருவிப் புதுக் கோலங்களை உண்டாக்கினார்கள். ஆங்கிலச் சொல் இங்கே ஒரு வணிக முத்திரை, அவ்வளவுதான்.

தமிழர் இந்தச் சொல்லோடு உண்மையாகவே உராய்ந்த இடம் ஜவுளிக்கடையும் இல்லை, வங்கியும் இல்லை. இலங்கையின் மலையகத் தோட்டங்கள். முதலில் காப்பிக்கும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து போன தொழிலாளர்களின் ஒவ்வொரு நாளும் ஓர் ஏட்டில் எழுதப்பட்டது. அந்த ஏட்டின் பெயர் செக்ரோல். டியூடர் அரசர்களின் மாளிகையிலும் கப்பல் தளத்திலும் இருந்த அதே பெயர், அதே வேலை. விடியலில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் போடுவார். மலையகத் தமிழில் ‘பேர்’ என்றால் ஒருநாள் கூலி. சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் ‘அரைப்பேர்’. பெயரைப் பார்த்த கையாலேயே கூலியைப் பிடிக்கும் அந்தப் பழைய கிளார்க்கின் வேலை, பெயர்கூட மாறாமல், மலைச்சரிவில் தொடர்ந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு ஒரு சிறுதொகை கிடைத்ததால் அந்த ஏட்டில் அவருக்கும் அக்கறை இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய ‘துண்டு’ ஒன்று இருந்தால்தான் அவர் வேறு தோட்டத்துக்கு மாறலாம் என்ற ஏற்பாடும் 1921 வரை நடந்தது; அந்தத் துண்டைக் கொடுப்பதும் கொடுக்காததும் தோட்டத்தின் விருப்பம்.

எக்ஸ்செக்கர் கொடுமைக்குப் பேர்போன அலுவலகம்தான். அதன் வரி வசூலைப் புகழ்ந்தவர் அதிகம் இல்லை. ஆனாலும் அதன் சரிபார்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தியது. ஷெரீஃபிடம் பாதிக் குச்சி இருந்தது, துணிமேல் நகரும் காசு அவர் கண்ணுக்குத் தெரிந்தது, நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துச் செக்ரோல் அலுவலகத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய அதை, பெரும்பாலும் எழுத்தறியாதவர்களாக வைக்கப்பட்டிருந்த தொழிலாளர்கள் தம்முடைய எந்தப் பாதியோடும் பொருத்திப் பார்க்க முடியாது. அரைப்பேர் விழுந்ததா முழுப்பேர் விழுந்ததா என்பது சம்பள நாளில்தான் தெரியும். தோட்டத் தொழிற்சங்கங்கள் எழுந்த பிறகு பேர் போடுவதும் கொழுந்து நிறுப்பதும் மீண்டும் மீண்டும் தகராறுக்குரிய விஷயங்களானதில் ஆச்சரியமில்லை.